முதுகு முறிந்த கப்பல்

தேம்ஸ் நதி கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் தென்கரையில் ஷெர்னஸ் என்றொரு சிற்றூர். அதன் கடற்கரைச் சுவரோரம் நின்று பார்த்தால், இரண்டரை கிலோமீட்டர் தொலைவில் தண்ணீருக்குமேல் மூன்று கம்பங்கள் சற்றுச் சாய்ந்தாற்போல் நீட்டிக்கொண்டிருக்கும். யாரோ மீனவர்கள் வலை கட்ட நட்டது என்று முதலில் தோன்றும். பைனாகுலர் வைத்துப் பார்த்தால் கம்பத்தில் பலகை தெரியும். கீழே வெடிக்காத குண்டுகள் உண்டு, நெருங்காதீர்கள், ஏறாதீர்கள் என்கிறது அது. சுற்றிலும் எல்லை காட்டும் மிதவைகள். இரவும் பகலும் ஒரு ரேடார் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

கம்பங்களுக்கு அடியில் இருப்பது எஸ்.எஸ். ரிச்சர்ட் மான்ட்கோமரி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல். 1944 ஆகஸ்டில் அங்கே தரைதட்டியது. இன்னும் அங்கேயே கிடக்கிறது. அதன் முன்பக்கச் சரக்கறைகளில் சுமார் 1,400 டன் வெடிமருந்து. கப்பலுக்குப் பெயர் கொடுத்த மான்ட்கோமரி, அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டிஷாரை எதிர்த்துக் கியூபெக் நகரத்தைத் தாக்கப்போய் 1775 டிசம்பர் 31 அன்று உயிரை விட்ட தளபதி. அவர் பெயரைச் சுமந்த கப்பல் பிரிட்டனுக்கு உதவத்தான் வந்தது. வந்து, லண்டனின் கடல்வாசலில் குண்டுமூட்டையோடு உட்கார்ந்துவிட்டது. பெயர் வைத்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கப்பல் 'லிபர்ட்டி' வகையைச் சேர்ந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்த வேகத்துக்கு ஈடுகொடுக்க, மூழ்குவதைவிட வேகமாகக் கட்டு என்பதே அமெரிக்காவின் பதிலாக இருந்தது. நல்ல கப்பல் வேண்டாம், நிறையக் கப்பல் வேண்டும். மூல வரைபடம் இங்கிலாந்தின் சண்டர்லண்ட் நகரத்துக் கப்பல் பட்டறையிலிருந்து வந்தது. எஞ்சின், அப்போதே பழசாகிவிட்ட மூன்று உருளை நீராவி எஞ்சின். 2,500 குதிரைத்திறன், மணிக்குப் பதினொரு கடல்மைல் போனால் பெரிது. டர்பைன் வைக்கலாமே என்றால், டர்பைனுக்கு வேண்டிய பல்சக்கரங்களை வெட்டும் பட்டறைகள் எல்லாம் போர்க்கப்பல்களுக்கே போதவில்லை. பழைய எஞ்சினை யார் வேண்டுமானாலும் வார்க்கலாம், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். (எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 'டைட்டானிக்' படத்தின் எஞ்சின் அறைக் காட்சிகளைப் பார்க்கலாம். சான்பிரான்சிஸ்கோவில் இன்றும் ஓடும் நிலையில் இருக்கும் ஜெரமையா ஓ'பிரையன் என்ற லிபர்ட்டி கப்பலில் எடுத்தவை அவற்றில் உண்டு.)

1941 முதல் 1945 வரை 2,710 லிபர்ட்டிகள் கட்டி முடிக்கப்பட்டன. ஒன்றுக்குச் சராசரியாக ஆறு வாரம். 1942 நவம்பரில் கலிபோர்னியாவில் ஒரு கப்பலை, விளம்பரத்துக்காகவே, நாலே முக்கால் நாளுக்குள் தண்ணீரில் இறக்கிக் காட்டினார்கள். நம் மான்ட்கோமரி அந்த அளவுக்கு அவசரப்பிறவி இல்லை. புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில்லில் 1943 மார்ச் 15 அன்று ஏரா வைத்தார்கள். ஜூன் 15 அன்று நீரில் இறக்கினார்கள். நீளம் சுமார் 135 மீட்டர், அகலம் 17 மீட்டர் சொச்சம். ஐந்து சரக்கறைகள்: முன்னே மூன்று, பின்னே இரண்டு.

இந்த வேகத்தின் ரகசியம் வெல்டிங். அதுவரை கப்பல் என்றால் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பேற்றி, துளையிட்டு, பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டுகளை அடித்து இறுக்குவது. அதற்குக் கைதேர்ந்த ஆட்கள் வேண்டும், நேரம் வேண்டும். வெல்டிங்கைச் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். கப்பலைக் கண்ணாலும் பார்த்திராத கிராமத்து ஆண்களும் பெண்களும் முகமூடி மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார்கள். துண்டு துண்டாக வேறிடத்தில் செய்து, கிரேனில் தூக்கி வந்து, பற்றவைத்தார்கள்.

1944 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் மான்ட்கோமரி ஏற்றிக்கொண்டது 6,127 டன் வெடிபொருள். அட்லாண்டிக்கைப் பத்திரமாகக் கடந்துவிட்டது. தேம்ஸ் முகத்துவாரத்தில் காத்திருந்து, மற்றக் கப்பல்களோடு கூட்டாகச் சேர்ந்து, நேசப்படைகள் ஜூன் கடைசியில் கைப்பற்றிய பிரெஞ்சுத் துறைமுகமான செர்பூர் போகவேண்டும். துறைமுக அதிகாரி நங்கூரமிடக் காட்டிய இடம் ஷெர்னஸுக்கு எதிரே ஒரு மணல்திட்டின் வடக்கு விளிம்பு. சாதாரணமாக ஒரு லிபர்ட்டி எட்டரை மீட்டர் தண்ணீரில் அமிழ்ந்து நிற்கும். குண்டுகளின் பாரத்தில் மான்ட்கோமரி 9.4 மீட்டர் அமிழ்ந்திருந்தது. ஆகஸ்ட் 20. காற்றும் நீரோட்டமும் தள்ள, நங்கூரம் பிடிநழுவி இழுபட்டது. கப்பல் திட்டை நோக்கி நகர்வதைப் பக்கத்துக் கப்பல்காரர்கள் பார்த்துவிட்டுச் சங்கொலி எழுப்பினார்கள். மான்ட்கோமரியின் கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார். ஏழு மீட்டர் சொச்ச ஆழத்தில் கப்பல் மணலில் ஏறி உட்கார்ந்தது.

அமாவாசை கழிந்து இரண்டாம் நாள் அது. கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் மிக உயர ஏறும், மிகத் தாழ வற்றும். ஷெர்னஸில் அந்நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய ஐந்து மீட்டர் வித்தியாசம். வெள்ளம் உச்சத்தில் நிற்கும்போது தரைதட்டிய கப்பலுக்கு அதைவிட உயர்ந்த வெள்ளம் மறுநாள் வராது. ஏற்றம் நாளுக்கு நாள் குறையும். அடுத்த பௌர்ணமிவரை, ஏறக்குறைய இரண்டு வாரம், மணல்தான் கதி.

இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

பொங்கலுக்குக் கரும்பு ஒடித்திருப்பீர்கள். இரண்டு முனைகளையும் கையில் பிடித்து, நடுவில் முழங்காலைக் கொடுத்து, கைகளைத் தன்பக்கம் இழுப்போம். கரும்பு எந்தப் பக்கம் முதலில் விரிசல் விடுகிறது என்று அடுத்த முறை கவனியுங்கள். முழங்கால் படும் பக்கம் அல்ல; அதற்கு எதிர்ப்பக்கம், வெளிவளைவில். அங்கேதான் நார்கள் இழுபட்டு விறைக்கின்றன. முழங்கால் பக்கத்து நார்கள் நெருக்குண்டு கசங்குகின்றன. இழுவிசை ஒரு பக்கம், அழுத்தம் மறுபக்கம், நடுவே இரண்டும் இல்லாத ஒரு கோடு. கப்பல் கட்டுபவர்கள் இரவும் பகலும் போடும் கணக்கு அடிப்படையில் இவ்வளவுதான். எவ்வளவு பெரிய கப்பலும் அவர்கள் கண்ணுக்கு ஒரு நீண்ட உத்தரம்.

மிதக்கும்போது இந்த உத்தரத்தைத் தண்ணீர் நெடுக ஏந்திக்கொள்கிறது. பஞ்சு மெத்தையில் கரும்பைக் கிடத்தியது போல. மணல்திட்டு மெத்தை இல்லை, முழங்கால். மான்ட்கோமரியின் நடுப்பகுதி மணலில் இருந்தது. முன்முனையும் பின்முனையும் ஆழமான நீரில். வெள்ளம் வற்ற வற்ற, நீர் தாங்கிய பாரம் மணலுக்கு மாறியது. எவ்வளவு பாரம்? தோராயமாக நாமே போட்டுப் பார்க்கலாம். 135 மீட்டர் நீளத்தை 17 மீட்டர் அகலத்தால் பெருக்கி, இரு முனைகளும் ஒடுங்குவதற்குக் கழித்துக்கொண்டால் ஏறக்குறைய 1,800 சதுர மீட்டர். நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் 1,800 கனமீட்டர் நீரின் ஏந்தல், அதாவது அத்தனை டன், கைவிட்டுப் போகிறது. இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் என்று இறங்கும்போது ஆயிரக்கணக்கான டன் எடை நடுமுதுகின்மேல் தொங்குகிறது. முன்னறைகளிலும் பின்னறைகளிலும் இருந்ததோ இரும்பும் வெடிமருந்தும்.

அது ஒரு முறையோடு நிற்பதில்லை. பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை கடல் ஏறி இறங்குகிறது. வற்றத்தில் வளைந்த முதுகு ஏற்றத்தில் சற்று நிமிரும், மறுபடி வளையும். கட்டுக்கம்பியை அறுக்கக் கத்தரி இல்லாதபோது கொத்தனார் இப்படித்தான் முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்பார். போதாக்குறைக்கு மணல் வேறு. கரையில் நிற்கும்போது திரும்பும் அலை நம் குதிகாலுக்கு அடியிலிருந்து மணலை அரித்துக்கொண்டு போவது எல்லாருக்கும் தெரிந்த கூச்சம். அசையாமல் கிடக்கும் கப்பலின் முனைகளைச் சுற்றி ஓடும் நீரோட்டம் அதையே செய்யும். முனைகளுக்கு அடியில் குழி விழ விழ, தாங்கல் நடுவுக்கு ஒடுங்கும், முழங்கால் கூராகும்.

கப்பலிலேயே இருந்த பாரந்தூக்கிகளைக் கொண்டு ஆகஸ்ட் 23 அன்று குண்டுகளை இறக்க ஆரம்பித்தார்கள். மறுநாளே கப்பலின் உடல் விரிசல் விட்டுப் பிளந்தது. முன்பக்க அறைகளில் கடல் புகுந்தது. அதற்கும் அடுத்த நாள் பாரிஸ் விடுதலையானது. ஐரோப்பா முழுவதும் அந்தச் செய்தியில் மூழ்கிக் கிடக்க, இங்கே சில பத்துத் தொழிலாளிகள் பிளந்த கப்பலின் பின்னறைகளிலிருந்து குண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னறைகள் இரண்டும் காலியாயின. முன்னறைகளை முடிக்க முடியவில்லை. செப்டம்பர் 25 அன்று வேலையைக் கைவிட்டார்கள். பிறகு கப்பல் நடுவே இரண்டாகப் பிரிந்துபோனது.

லிபர்ட்டி என்றாலே உடையும் கப்பல் என்று ஒரு பேச்சு உண்டு. மான்ட்கோமரியையும் அந்தப் பட்டியலில் பலர் சேர்த்துவிடுகிறார்கள். பேச்சில் உண்மை இல்லாமலில்லை. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், இதே வெல்டிங் முறையில் கட்டிய ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க்கப்பல், அலையில்லாத நீரில், துறைமேடையில் கட்டிக் கிடந்தபடியே படார் என்று பிளந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜான் பி. கெய்ன்ஸ் என்ற லிபர்ட்டி இரண்டாகி மூழ்கி, பத்துப் பேர் இறந்தார்கள். போர்க்காலக் கப்பல்களில் சுமார் 1,500 பெரிய விரிசல்கள் பதிவாயின. முதலில் பழி வெல்டிங் செய்த புதுக்கைகள் மேல் விழுந்தது. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியலாளர் உடைந்த தகடுகளை ஆராய்ந்து, கோளாறு எஃகிலேயே இருக்கிறது என்று காட்டினார். அந்த எஃகு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் வளைந்துகொடுக்கும் குணத்தை இழந்து கண்ணாடிபோல் நொறுங்கும் ரகமாக மாறிவிடுகிறது. விரிசல் தொடங்கும் இடமும் தெரிந்தது: சரக்கறை வாயின் சதுர மூலை. துணிக்கடையில் கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் ஒரு நறுக்குப் போட்டுவிட்டு, மீதியைச் சர்ரென்று கையாலேயே கிழிப்பார் இல்லையா? கூர்மூலை அந்த நறுக்கு. ரிவெட்டடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடும், அடுத்தது வேறு தகடு. வெல்டிங் செய்த கப்பலோ முழுக்க ஒரே துணி. பின்னால் மூலைகளை வளைவாக்கினார்கள், விரிசலை நிறுத்த ரிவெட்டுப் பட்டைகள் சேர்த்தார்கள்.

ஆனால் மான்ட்கோமரி விஷயத்தில் குளிரையும் எஃகையும் அதிகம் குற்றம் சொல்வது நியாயமில்லை என்று நினைக்கிறேன். கடல் கோடைக்கடல். ஆறாயிரம் டன் சரக்கோடு நடுமுதுகில் உட்கார வைத்தால், ரிவெட்டு அடித்த நல்ல கப்பலுக்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கும். கரும்பு நல்ல கரும்பா என்பதல்ல, முழங்கால் எங்கே இருந்தது என்பதே கேள்வி. அந்த இடத்தில் நங்கூரமிடச் சொன்னது கப்பல் அல்ல.

மிச்சம் இருப்பது என்ன என்பதற்குக் கணக்கு உண்டு. 450 கிலோ எடைக் குண்டுகள் மட்டும் 4,439. அவற்றைப்போல் இருமடங்கு எடையுள்ளவை 286, பாதி எடையுள்ளவை 1,925. சிதறு குண்டுகளும் கொத்துக் குண்டுகளும் 2,815. இவற்றோடு தூண்டுமருந்துகளும், வெண்பாஸ்பரஸ் கலந்த புகைக்குண்டுகளும்.

எண்பது ஆண்டு உப்புநீரில் ஊறினால் வெடிமருந்து நமத்துப்போயிருக்காதா? தீபாவளிப் பட்டாசு நமக்குத் தந்த அனுபவம் இங்கே உதவாது. பட்டாசு மருந்தில் இருக்கும் உப்புகள் ஈரத்தில் கரையும். குண்டுகளில் இருக்கும் டிஎன்டி தண்ணீரில் அநேகமாகக் கரையவே கரையாது. சுமார் 80 பாகையில் மெழுகுபோல் உருகும். உருக்கித்தான் குண்டுக்குள் ஊற்றுவார்கள். உறைந்தபின் நீர் அதை ஒன்றும் செய்வதில்லை. அதே சமயம் அது லேசில் கோபப்படுகிற மருந்தும் இல்லை. விறகடுப்பு பற்றவைப்பதை நினைத்துப் பாருங்கள். தீக்குச்சியைக் கட்டையில் வைத்தால் கட்டை எரியாது. குச்சி சுள்ளியைப் பற்றவைக்க வேண்டும், சுள்ளி கட்டையைப் பற்றவைக்க வேண்டும். டிஎன்டி கட்டை. தீக்குச்சி வேலையைச் செய்வது ஃபியூஸுக்குள் இருக்கும் ஈய அசைடு போன்ற சிட்டிகை மருந்து.

பெரிய குண்டுகளில் ஃபியூஸ் பொருத்தாமல்தான் கப்பலேற்றினார்கள். கொத்துக் குண்டுகள் பலவற்றில் பொருத்தியே ஏற்றியிருந்தார்கள். விஞ்ஞானிகளை நெடுங்காலம் உறுத்தியது இதுதான். ஈய அசைடில் ஈரம் பட்டால் ஒரு அமில ஆவி வெளிவரும். அது பித்தளையில் உள்ள செம்பைத் தொட்டால் செம்பு அசைடு உண்டாகும். ஈய அசைடு தொட்டாற்சிணுங்கி என்றால் இது அதைவிடப் பல மடங்கு. அதனால்தான் ஈய அசைடை அடைக்கும் குப்பிகளைச் செம்பில் செய்யாமல் அலுமினியத்தில் செய்வது வழக்கம். இந்தப் பயத்துக்குப் பிரிட்டிஷ் அதிகாரிகள் சொல்லும் சமாதானம், ஃபியூஸ்களுக்குள் எப்போதோ நீர் நிறைந்திருக்கும், அந்தச் சேர்மங்கள் கரைந்து போயிருக்கும் என்பது. வேதியியல்படி ஏற்கத்தக்க வாதம்தான். ஒவ்வொரு ஃபியூஸுக்குள்ளும் நீர் புகுந்திருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனை மட்டும் அதில் ஒளிந்திருக்கிறது.

பிறகு ஏன் எடுத்துத் தொலைக்கவில்லை? கீல்ட்சே என்ற போலந்துக் கப்பலைக் கேட்க வேண்டும். 1946இல் குண்டுகளோடு இங்கிலாந்தின் தென்கிழக்கே ஃபோக்ஸ்டன் கரைக்கு எதிரில் மோதி மூழ்கியது அது. 1967 ஜூலையில் அதைத் துப்புரவு செய்யப் போனார்கள். வேலை நடக்கும்போதே வெடித்தது. நிலநடுக்கக் கருவிகளில் 4.5 என்று பதிவாயிற்று, கடலடியில் ஆறு மீட்டர்ப் பள்ளம், ஊரில் பீதி. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. ஷெர்னஸ் கரை அதைவிட மிகக் கிட்டே இருக்கிறது. மான்ட்கோமரி மொத்தமாக வெடித்தால் 300 மீட்டர் அகலத்தில் நீரும் சேறும் மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு எழும், ஐந்து மீட்டர் அலை கிளம்பும் என்று 1970இல் ஒரு மதிப்பீடு வந்தது. மூன்றாண்டு கழித்து, ஆபத்தான சிதைவுகளைப் பாதுகாக்கும் புதுச் சட்டத்தின் கீழ் மான்ட்கோமரியைச் சுற்றி வட்டம் போட்டார்கள். தொடாதே, பார்த்துக்கொண்டிரு என்பதே கொள்கை ஆயிற்று.

பார்ப்பதற்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் ஒலியலைக் கருவிகளால் கப்பலை அளக்கிறார்கள். அளவுகள் காட்டுவது துரு தன் வேலையைச் செய்கிறது என்பதை. சில இடங்களில் தகடு மெலிகிறது, விரிசல் நீள்கிறது, அணியத்தைச் சுற்றிக் கடலடி அரிக்கிறது. இப்போதைய அச்சம் மருந்தின் வேதியியலைவிடக் கூரையின் பலம் பற்றியது. மேல்தளம் சரிந்தால் நூற்றுக்கணக்கான கிலோ இரும்புத் துண்டுகள் குண்டுக்குவியல்மேல் விழும். மேல்தளத்தை அழுத்திக்கொண்டிருக்கும் பாரங்களில் பெரியவை, கரையிலிருந்து தெரிகிற அந்த மூன்று கம்பங்கள். ஊருக்கு இத்தனை காலம் எச்சரிக்கைக் கொடியாக நின்றவையே கப்பலுக்குச் சுமை.

கம்பங்களை வெட்டி எடுப்பது என்று 2020இல் முடிவானது. அதற்குமுன் அடியில் என்ன கிடக்கிறது என்று துழாவிப் பார்க்க வேண்டும், துழாவியதில் சந்தேகப் பொருள்கள் தென்பட்டன, வேலை தள்ளிப்போனது. பிறகும் தள்ளிப்போனது. எண்பது வயதுக் கம்பத்தை அறுக்கும்போது உண்டாகும் அதிர்வு, அறுக்காமல் விட்டால் ஒருநாள் அது தானே விழும்போது உண்டாகும் அதிர்வைவிடக் குறைவாக இருக்குமா? கணக்கு இப்போது அங்கே நிற்கிறது.

மணல்திட்டுக்குச் சுமார் 250 மீட்டர் தள்ளி மெட்வே நதிக்குப் போகும் கப்பல்தடம் இருக்கிறது. அதன் வழியே உள்ளே போனால் கிரெயின் என்னும் இடத்தில் திரவ இயற்கை எரிவாயு முனையம். மான்ட்கோமரியைப்போல் இரண்டு மடங்கு நீளமுள்ள எரிவாயுக் கப்பல்கள் அந்த மூன்று கம்பங்களை ஓரமாகப் பார்த்தபடி மெல்ல உள்ளே வருகின்றன, வெள்ளம் ஏறியிருக்கும் நேரம் பார்த்து.